ஞாபகம் என்று ஒரே சொல் இருப்பதால்

(மும்பையில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைக் கூப்பிட்டபோதே தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். "ஞாபக சக்தியை வளர்த்துக்கொள்வது எப்படி?" வாசலில் போர்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது. அந்தத் தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஞாபக சக்தி என்று ஒரு தனிச் சக்தி இருக்கிறது, சிலருக்கு அது நிறைய, சிலருக்குக் குறைச்சல், வயதானால் தேய்ந்துபோகும், டானிக் சாப்பிட்டால் ஏறும் என்றெல்லாம் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த இடத்திலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

31 வருஷம் கல்லூரியில் முதலாமாண்டு மாணவிகளுக்கு உளவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது பள்ளிக்கூடத்திலேயே, பதினோராம் வகுப்பிலேயே, சைக்காலஜி எடுக்கிறார்கள். புத்தகத்தில் வரும் கலைச்சொற்களைக் குழந்தைகள் உருப்போடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது பரீட்சை சமாசாரம். என் அபிப்பிராயம் வேறு. ஞாபகம் என்ற பாடத்தில் வருகிற பத்துப் பதினைந்து சொற்கள் குழந்தைகளைவிட நமக்குத்தான் அதிகம் வேண்டும். தமிழில் ஞாபகம், மறதி என்று இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளுகிறோம். அதனால் அகத்தில் வீண் பயமும் வீண் சண்டையும் வருகிறது. சில சமயம் ஒன்றுமறியாத ஒருவருக்கு அநியாயமும் நடந்துவிடுகிறது. அப்படி ஒரு அநியாயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் முதலில் ஒரு அமெரிக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1953-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் 27 வயது இளைஞர் ஒருவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. வலிப்பு நோய் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது, மருந்துக்குக் கட்டுப்படவில்லை. ஸ்கோவில் என்ற சர்ஜன், மூளையின் இரண்டு பக்கமும், பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் பகுதியில் கொஞ்சத்தை எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் என்கிறார்களே, அதன் பெரும்பங்கும் அதோடு போய்விட்டது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் புதிதாக நடந்தது எதுவும் மனசில் தங்கவில்லை. சாப்பிட்டு அரை மணி கழித்துக் கேட்டால் என்ன சாப்பிட்டோம் என்பது மட்டுமில்லை, சாப்பிட்டோம் என்பதே தெரியாது. மான்ட்ரியலிலிருந்து ப்ரெண்டா மில்னர் என்ற பெண்மணி வந்து வருஷக்கணக்கில் அவரைப் பரிசோதித்தார். ஒவ்வொரு முறையும் அவரிடம் தம்மைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அவர் புத்தி மழுங்கவில்லை. பேச்சு நன்றாக இருந்தது. சின்ன வயசு சமாசாரங்கள் ஞாபகம் இருந்தன. ஒரு முறை 584 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரைத் தனியாக விட்டார்கள். கால் மணி நேரம் தமக்குள் அதையே விதவிதமாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கேட்டபோது சரியாகச் சொன்னார். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், எண் மட்டுமில்லை, எண் கொடுத்த சங்கதியே போய்விட்டது.

இதைவிட ஆச்சரியம் இன்னொன்று. கண்ணாடியில் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டுக்குள்ளேயே பென்சிலை ஓட்ட வேண்டும். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக இழுக்கும். அவர் மூன்று நாள் பழகினார். நாளுக்கு நாள் தப்பு குறைந்து, மூன்றாம் நாள் லாகவமாகப் போட்டார். ஆனால் இதற்கு முன்னால் இதைச் செய்திருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, கை கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாது.

2008-ல் 82-வது வயதில் அவர் காலமான பிறகுதான் ஹென்றி மொலேசன் என்ற பெயர் வெளியில் வந்தது. அதுவரை உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் அவர் வெறும் 'எச்.எம்.'தான். மனோதத்துவத்துக்கு அவர் கொடுத்தது என்ன என்றால், ஞாபகம் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். சின்ன வயசு விஷயங்கள் இருக்கலாம், புதுசு ஒட்டாமல் போகலாம். மனசு மறந்தாலும் கை மறக்காமல் இருக்கலாம். ஒன்று போனால் இன்னொன்று போயாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. நேற்று சாயங்காலம் அகத்துக்கு யார் வந்தார், அவருக்குக் காபி கொடுத்தோமா என்பது எபிசோடிக் மெமரி; நிகழ்ச்சி ஞாபகம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் தலைநகர் டெல்லி, அமாவாசைக்கு வாழைக்காய் உண்டு, வெங்காயம் கிடையாது என்பது செமான்டிக் மெமரி. எப்போது எங்கே கற்றோம் என்பது நினைவிருக்காது, விஷயம் மட்டும் நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் எண்டல் டல்விங், 1972-ல். மூன்றாவது, எச்.எம்.மின் பென்சில் மாதிரி, செய்முறை ஞாபகம். சைக்கிள் ஓட்டுவது, வீணையில் விரல் போவது, ஒன்பது கஜம் கட்டிக்கொள்வது. இவற்றை வாயால் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் திண்டாடுவோம்.

இப்போது ஒரு கேள்வி. 50 வருஷமாகத் தினமும் சொல்லிவரும் விஷ்ணு சஹஸ்ரநாமம் இதில் எதில் சேர்த்தி?

முன்வரிசையில் ஒரு மாமி "பக்தியில்" என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். மனோதத்துவத்தில் கேட்டால், அப்படித் தேய்ந்து பழகின பாராயணம் நாக்கோடும் மூச்சோடும் ஒட்டிக்கொண்டு, செய்முறை ஞாபகத்தின் பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. ஒரு நாமா அடுத்த நாமாவை இழுத்துக்கொண்டு வருகிறது. நடுவில் நிறுத்தி, "546-வது நாமா என்ன?" என்று கேட்டால் சொல்ல முடிகிறதா பாருங்கள். அதனால்தான் மூளை நோயில் நேற்றைய நிகழ்ச்சிகள் அழிந்த பிறகும் ஸ்லோகமும் பாட்டும் நெடுநாள் நிற்பது உண்டு.

நான் சொல்ல வந்த அநியாயம் இங்கேதான் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பாட்டிக்கு வயது 78. சஹஸ்ரநாமத்தைப் புஸ்தகமில்லாமல் கடைசிவரை சொல்வார். தெரு, அக்ரஹாரம், 1950-களில் யார் அகத்துக் கல்யாணத்தில் யார் கச்சேரி என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு நாள் அவருடைய ரெட்டை வடச் சங்கிலியைக் காணோம். "பூஜை அலமாரியில்தான் வெச்சேன், வேலைக்காரிதான் எடுத்திருக்கா" என்றார் பாட்டி. பதினோரு வருஷமாக வேலை செய்த பெண். அவள் அழுதாள். பிள்ளை சொன்னது இது: "அம்மாவுக்கு ஞாபக சக்தி கம்ப்யூட்டர் மாதிரி. ஆயிரம் நாமாவையும் ஒண்ணு விடாம சொல்றா. வெச்ச எடம் அவளுக்கு மறக்குமா?" பெண்ணை நிறுத்திவிட்டார்கள். காலனியில் சங்கதி பரவி, மற்ற இரண்டு வீட்டிலும் அவளை நிறுத்தினார்கள். ஏழெட்டு மாதம் கழித்து, உபயோகிக்காத இட்லி குக்கருக்குள், துணியில் சுற்றி, சங்கிலி கிடைத்தது. அதற்குள் பாட்டி மருமகளையும் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். டாக்டரிடம் அழைத்துப்போனதே அதன் பிறகுதான். டிமென்ஷியா, ஆரம்ப நிலையைத் தாண்டிவிட்டது என்றார். அந்தப் பெண் வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டாள். தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார்களா என்பதை நான் இங்கே சொல்வதற்கில்லை.

அந்தப் பிள்ளை கெட்டவரில்லை. அவர் வாதத்தில் ஒரே ஒரு ஓட்டைதான். சஹஸ்ரநாம ஞாபகமும் சங்கிலி வைத்த ஞாபகமும் ஒன்று என்று நினைத்துவிட்டார். டிமென்ஷியாவின் மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது எச்.எம். இழந்த அந்த ஹிப்போகாம்பஸ் பகுதியில்தான். முதலில் ஆட்டம் காண்பது நேற்றும் இன்று காலையும். அறுபது வருஷத்துக்கு முந்தியது பிறகுதான். ஆகவே "பழசெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு பாருங்கோ" என்பது நிம்மதிக்குக் காரணமில்லை. வைத்த இடம் மறந்துபோய், இருக்கக்கூடாத இடத்தில் பொருள் இருந்து, நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப "யாரோ எடுத்துட்டா" என்று மனசு ஒரு கதை கட்டுவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறி. வீட்டு வேலை செய்பவர்கள்தான் அந்தக் கதையில் முதலில் மாட்டுகிறார்கள்.

உடனே இங்கே பாதிப் பேர் முகம் மாறுகிறது. "நேத்து நானும் மூக்குக் கண்ணாடியைத் தேடினேனே!" என்ற யோசனை. பயப்பட வேண்டாம். அதற்கும் சொற்கள் இருக்கின்றன.

ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்க மூன்று காரியம் நடக்க வேண்டும். முதலில் பதிய வேண்டும், பிறகு தங்க வேண்டும், வேண்டிய சமயம் திரும்ப எடுக்க வேண்டும். குழந்தைகள் என்கோடிங், ஸ்டோரேஜ், ரிட்ரீவல் என்று படிப்பது இதைத்தான். கண்ணாடியைக் கழற்றும்போது உங்கள் கவனம் டிவி சீரியலில் இருந்தது. அது பதியவே இல்லை. பதியாததை மறக்க முடியாது. காது மந்தமான பெரியவரிடம் "காலையிலேயே சொன்னேனே" என்று கோபித்துக்கொள்கிறோம். அவருக்குச் சரியாகவே கேட்கவில்லை. அங்கே குறை ஞாபகத்தில் இல்லை, காதில். ஹியரிங் எய்ட் வாங்கிக் கொடுத்தால் பாதி 'மறதி' போய்விடும் அகங்கள் இருக்கின்றன. வாங்கியதை அலமாரியில் வைத்துவிட்டு வரும் மாமாக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தெரிந்தவர் எதிரில் வருகிறார், பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. 'ரா'வில் ஆரம்பிக்கும் என்றுகூடத் தெரிகிறது. இது திரும்ப எடுப்பதில் வரும் தடங்கல். விஷயம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. இதை 1966-லேயே பிரவுன், மெக்நீல் என்ற இருவர் ஆராய்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களிடம்தான் ஆராய்ந்தார்கள், கிழவர்களிடம் இல்லை. வயதானால் இது அதிகமாகும், அவ்வளவுதான். அரை மணி கழித்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கும்போது "ராமசுப்ரமணியம்!" என்று தானாக வரும். சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதும் இந்த ரகம். திரும்பக் கூடத்துக்குப் போனால் ஞாபகம் வந்துவிடும், ஏனென்றால் அந்த எண்ணம் தோன்றிய இடம் கூடம். இடமே ஒரு தூண்டுகோல்.

அப்படியானால் கவலைப்பட வேண்டியது எதற்கு? சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கேட்ட கேள்வியையே பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டு, கேட்டதே தெரியாமல் இருந்தால் கவனியுங்கள். கல்யாணத்துக்குப் போனோம், அங்கே என்ன பாயசம் என்பது மறக்கலாம். கல்யாணத்துக்குப் போனதே மறந்து, எடுத்துச் சொன்னாலும் வராமல் இருந்தால் கவனியுங்கள். பல வருஷம் பேங்க் கணக்குப் பார்த்தவர் பாஸ்புக்கைப் பார்த்துத் திகைப்பது, தினமும் போகும் கோவிலிலிருந்து வழி தப்புவது, சாம்பார் பக்குவமே மாறிப்போவது ஆகியவற்றை "வயசாச்சு" என்று தள்ளிவிடக் கூடாது. பொதுவாகச் சொன்னால், தனக்கு மறதி என்று தானே புலம்புகிறவரைவிட, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதித்து, சுற்றியிருப்பவர்கள் கவலைப்படுகிறார்களே, அவரைப் பற்றித்தான் டாக்டர் அதிகம் விசாரிப்பார்.

டாக்டரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறதி எல்லாமே திரும்பாத மறதியில்லை. தைராய்டு குறைந்தால் மறதி வரும். மன அழுத்தம் என்கிற டிப்ரெஷனில் கவனமே குவியாததால், பார்ப்பதற்கு டிமென்ஷியா மாதிரியே இருக்கும். தூக்க மாத்திரைகளும் காரணமாகலாம். நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி-12. காய்கறியிலும் பருப்பிலும் அது கிடையாது. நமக்குக் கிடைப்பது பாலும் தயிரும் மூலமாகத்தான். வயதானால் உடம்பு அதை ஏற்றுக்கொள்வதும் குறைகிறது. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், வயிற்று எரிச்சலுக்கு ஆசிட் குறைக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்கும் இன்னும் குறையலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்ய வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. மறைத்து வைக்க இது குடும்ப ரகசியமில்லை.

இனி பின்வரிசைக் குழந்தைகளுக்கு. உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், பரீட்சை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பேங்கிலிருந்து ஓடிபி வருகிறது. ஆறு எண். டைப் செய்யும்வரை மனசில் நிற்கிறது, பிறகு போய்விடுகிறது. எச்.எம்.மின் 584 மாதிரி. இதற்கு வொர்க்கிங் மெமரி என்று பெயர். இதில் ஒரே சமயத்தில் ஏழு உருப்படி, இரண்டு கூடக் குறைய, நிற்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். பிற்காலத்தில் நெல்சன் கோவன் என்பவர் நான்குதான் என்றார். ஆனால் உருப்படி எது என்பது நம் கையில் இருக்கிறது. 1, 9, 4, 7 என்றால் நான்கு. 1947 என்றால் ஒன்று. இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டு ஓர் அமெரிக்க மாணவர், 200 மணி நேரத்துக்கு மேல் பழகி, ஒரே முறை கேட்ட 79 எண்களை வரிசையாகச் சொன்னார். 1980-ல் வெளிவந்த ஆய்வு அது. ஓட்டப்பந்தயக்காரரான அவர் எண்களை எல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். அவரிடம் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது, பழையபடி ஆறோடு நின்றுவிட்டார். காரியதரிசி கொடுத்த தலைப்புக்கு இதுதான் என் பதில். பழகினது வளர்கிறது, பொதுவாக ஒரு 'சக்தி' வளர்வதில்லை. மெமரி கிளாஸ் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், எண்களை ஒப்பிப்பது கெமிஸ்ட்ரிக்கு எப்படி உதவும் என்று கேட்டுவிட்டுப் பிறகு பர்சைத் திறவுங்கள்.

மறதியை முதன்முதலில் அளந்தவர் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், 1885-ல். ஆராய்ச்சியாளரும் அவரே, ஆராயப்பட்டவரும் அவரே. அர்த்தமில்லாத அசைகளைத் தாமே கட்டி, உருப்போட்டு, மறந்து, மறுபடி உருப்போட்டார். மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். இருபது நிமிஷத்தில் மிச்சம் 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாளில் 34-க்கு வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 இருந்தது. முதல் நாளில்தான் பெரிய வீழ்ச்சி, அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்குகிறது. அதனால் படித்த அன்றோ மறுநாளோ ஒரு முறை திருப்பிப் பார்ப்பதற்கு, பரீட்சைக்கு முன் இரவு ஐந்து முறை படிப்பதைவிட மதிப்பு அதிகம்.

திருப்பிப் பார்ப்பது என்றால் மஞ்சள் ஹைலைட்டர் போட்ட வரியை மறுபடி படிப்பதில்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரை ஒரு பாடத்தை நான்கு முறை படிக்கவைத்தார்கள். இன்னொரு சாரார் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் நான்கு முறை படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. நம் பாடசாலைகளில் சந்தை சொல்லி முடித்ததும் ஒவ்வொரு வித்யார்த்தியையும் தனியாக நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார்களே, அதில் இருந்த காரியம் இதுதான். க்ரமம், ஜடை, கனம் என்று பதங்களை முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்லும்போது, ஒரு பதம் பிசகினாலும் அடுத்த சேர்க்கையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொல்லி நாம் அப்போதே எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்ட நான் வரவில்லை. வாத்தியார்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அளந்து காட்டியது பிறகு வந்தவர்கள். இரண்டுக்கும் மரியாதை உண்டு.

கடைசியாக ஒன்று, இது பெரியவர்களுக்கு. ஞாபகம் ஒரு டேப்ரிக்கார்டர் என்றே நாம் எல்லோரும் நம்புகிறோம். பதிந்தது அப்படியே இருக்கும், அழியலாம், மாறாது என்று. அது மாறுகிறது. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். சிலரிடம் "கார்கள் நொறுங்க மோதியபோது வேகம் என்ன?" என்றும், சிலரிடம் வெறுமே "மோதியபோது" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். மற்ற 50 பேரில் 7 பேர். ஒரே ஒரு வினைச்சொல் ஞாபகத்துக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்திருக்கிறது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

சகோதரர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன எத்தனை குடும்பம் நமக்குத் தெரியும்! "கும்பகோணத்து அகம் எனக்குன்னு அப்பா வாயால சொன்னார்" என்கிறார் அண்ணா. "நானும் கூட இருந்தேனே, அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார் தம்பி. இருவரில் ஒருவர் புளுகுகிறார் என்று எடுத்துக்கொண்டால் உறவு அறுந்தது. இருபது வருஷத்தில் இருவரும் அந்தக் காட்சியை நூறு முறை மனசில் ஓட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் சேர்ந்தும் கொஞ்சம் உதிர்ந்தும் உள்ளே போகிறது. இருவரும் சத்தியமாக நம்புகிறார்கள். இதற்கு மனோதத்துவத்தில் மருந்து இல்லை, சட்டத்தில் இருக்கிறது. உயிலை எழுத்தில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு, தெளிவான புத்தியோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். டிமென்ஷியா என்று எழுதிய டாக்டர் சீட்டு வந்த பிறகு எழுதினால், அது இன்னொரு வழக்குக்கு விதை.

"எனக்கு அந்த நாள் கண்ணில் நிற்கிறது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கும் ஃப்ளாஷ்பல்ப் மெமரி என்று பெயர் இருக்கிறது. 1986-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. அவர்களில் பலருக்குத் துளிக்கூடச் சந்தேகமும் இல்லை. அவர்கள் கைப்பட எழுதியதைக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

நம் ஊரில் அப்படி ஒரு நாள் 2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. யார் எந்த ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார், எத்தனை மணிக்கு அகம் சேர்ந்தார், வழியில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தது யார் என்று இங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். இன்று ராத்திரி சாப்பாடானதும் அகத்துக்காரரும் மாமியும் தனித்தனிக் காகிதத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல், அந்த நாளை எழுதுங்கள். பிறகு சேர்த்துவைத்துப் படியுங்கள். சண்டை வந்தால் காரியதரிசியின் மொபைல் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது. தலைப்புக் கொடுத்தவர் அவர்தான். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பத்து நிமிஷம் இருக்கிறது.